அறுவை அரங்க வாசலில் நிறுத்தப்பட்ட இசை: மருத்துவமனை முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கும் அறுவை அரங்கக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை அரங்க வாசலில், செருப்பைக் கழற்றச் சொல்லும் சிவப்புக் கோட்டுக்கு நேர் மேலே, சில மாதங்களாக ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு அழைத்து வரப்படும் நோயாளிகள் கைபேசி, இயர்போன் உள்ளிட்ட எந்த ஒலிக்கருவியையும் அந்தக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்றும், காத்திருப்பு அறையில் நோயாளிகளுக்குக் கொடுத்து வந்த பாட்டுக் கருவிகள் திரும்பப் பெறப்படுகின்றன என்றும் அது கூறுகிறது. கிருமித்தொற்று, பெயர் சொல்லி அழைப்பது நோயாளிக்குக் கேட்காமல் போவது, பொருள்கள் தொலைந்து போவது, உள்ளே படம் எடுக்கப்படுவது ஆகிய நான்கு காரணங்கள் அதில் சொல்லப்பட்டுள்ளன. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதைத் திருத்தும்படி கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்கங்களில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். என் பணியின் கடைசி ஆண்டுகள் தங்கள் மருத்துவமனையின் அந்தக் காத்திருப்பு அறையிலேயே கழிந்தன. அந்த அறையில் ஒரு நோயாளி என்னென்ன கேட்கிறார், என்னென்ன பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் எத்தனை பேர் அங்கே டிராலியில் படுத்துக் காத்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள் இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், விடியற்காலையில் எனிமா கொடுக்கப்பட்டு, பச்சை அங்கி அணிவிக்கப்பட்டு அவர் வருகிறார். தாலியையும் வளையலையும் கழற்றி உறவினரிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் இருக்கட்டுமே என்று கெஞ்சிய பெண்கள் பலர். பல்செட், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் வார்டிலேயே தங்கிவிடுகின்றன. கையில் ஏறிய ஊசியும் மணிக்கட்டில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிய பெயரும் வயதுமே அவருடன் வருகின்றன. உடன் வந்த மகளோ மனைவியோ சிவப்புக் கோட்டோடு நின்றுவிட வேண்டும். அதன்பின் பட்டியலில் அவருடைய முறை வரும்வரை, முந்தைய அறுவை நீண்டுவிட்டால் மூன்று மணி நேரம் ஆனாலும், அவர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். கருவித் தட்டுகள் மோதும் ஓசை, உறிஞ்சு குழாயின் இரைச்சல், எலும்பு முறிவு அரங்கிலிருந்து வரும் சுத்தியல் அடி, மயக்கம் தெளிந்துகொண்டிருப்பவரின் முனகல், “அடுத்த கேஸை எடுத்துட்டு வாங்க” என்ற குரல் எல்லாம் அவர் காதில் விழுகின்றன. அந்தக் குரலுக்குப் பழகிய நமக்கு அது வேலையின் ஓர் அங்கம். அடுத்த ‘கேஸ்’ தானா என்று தெரியாமல் படுத்திருப்பவருக்கு அது அப்படி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மயக்கவியல் துறையின் இளம் மருத்துவர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் சிறிய பாட்டுக் கருவிகள் சிலவற்றையும், காதை முழுவதும் மூடும் ஹெட்போன்களையும் வாங்கிக் கொடுத்தார். வயதானவர்கள் அவற்றைப் பாட்டுப்பெட்டி என்றே கேட்டு வாங்கினார்கள். நாதசுரமும் தவிலும், வீணை, புல்லாங்குழல், பழைய திரைப்பாடல்கள், கிராமியப் பாடல்கள், மூன்று சமயத்தாரின் பக்திப் பாடல்கள் அவற்றில் இருந்தன. என்ன கேட்க வேண்டும் என்பதை நோயாளியே சொல்வார்; வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். கருப்பை நீக்க வந்திருந்த ஓர் அம்மாள் டிராலியின் பக்கக் கம்பியை விரல் மூட்டுகள் வெளுக்கும்படி பிடித்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கோயில் மேளம் வேண்டும் என்று கேட்டார். முதல் கீர்த்தனை முடிவதற்குள் பிடி தளர்ந்து, அதே கம்பியில் அவர் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முதுகில் மயக்க ஊசி போடும்போது நோயாளி முதுகை வளைத்து, தாடையை நெஞ்சில் பதித்து, அசையாமல் உட்கார வேண்டும். பயத்தில் நடுங்குகிறவர்களால் அது முடிவதில்லை. முதுகுத் தசை இறுகி, ஊசி மறுபடியும் மறுபடியும் குத்த வேண்டியதாகிறது. அந்த அம்மாள் சொன்னபடி உட்கார்ந்தார், முதல் முயற்சியிலேயே ஊசி இறங்கியது.

இப்போது, இந்தச் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தங்கைக்குத் தங்கள் மருத்துவமனையில் கருப்பை நீக்கும் அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டது. அவள் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அன்று விடியற்காலையில் வார்டில் எடுத்த அளவு கட்டுக்குள் இருந்தது. வாசலில் அவள் கையிலிருந்த இயர்போனை வாங்கிக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மாற்றாக முன்பு இருந்த கருவியைக் கேட்டபோது, அது பீரோவில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது, எடுக்க உத்தரவில்லை என்று பதில் வந்தது. முந்தைய அறுவை நீண்டது. அவளுடைய முறை வந்தபோது மேல் அழுத்தம் 190ஐத் தாண்டியிருந்தது. மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தும் இறங்கவில்லை. அறுவை அடுத்த பட்டியலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மயக்க மருத்துவர் எடுத்த முடிவு சரியானது. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வெறும் வயிற்றோடு காத்திருந்தவள் வார்டுக்குத் திரும்பினாள், அவளுக்குத் துணையாக வந்த மகள் பனியன் கம்பெனியில் மறுபடியும் விடுப்புக்கு நின்றாள், அந்தப் படுக்கை இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனது.

பாட்டு கேட்டிருந்தால் அவளுடைய அழுத்தம் ஏறியே இருக்காது என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, அறுவைக்கு முந்தைய பதற்றத்துக்கு இசை எவ்வளவு உதவுகிறது என்பதை 2013இல் ஆராய்ந்து வெளியிட்டது. 26 ஆய்வுகள், 2,051 நோயாளிகள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இசை கேட்டவர்களின் பதற்றம் 20 முதல் 80 வரை மதிப்பிடப்படும் அளவுகோலில் சராசரியாக 5.72 புள்ளிகள் குறைவாக இருந்தது. இதயத் துடிப்பிலும் கீழ் அழுத்தத்திலும் சிறிய அளவில் பலன் தெரிந்தது. மேல் அழுத்தம் குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு என் தங்கையின் கதையை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. நான் சொல்வது இதுதான்: பயத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகள் சுட்டிக்காட்டும், செலவு குறைந்த, உடலுக்குத் தீங்கில்லாத ஒரு வழி அந்த அறையில் இருந்தது, அவள் பயந்துகொண்டிருந்தபோது அது பூட்டிய பீரோவுக்குள் கிடந்தது.

பதற்றம் தணிக்க மாத்திரையோ ஊசியோ இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். மிடசோலம் நல்ல மருந்துதான், அதைப் பல முறை என் கையால் கொடுத்திருக்கிறேன். முதியவர்களுக்கு அது மூச்சை மந்தப்படுத்தக்கூடும், விழித்த பிறகும் மனக்குழப்பத்தை உண்டாக்கக்கூடும் என்பதும், கொடுத்தபின் ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்தவையே. சுவீடனில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 372 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் மிடசோலமும் மறு பிரிவினருக்கு அமைதியான இசையும் கொடுத்தார்கள். பதற்றம் அதிகம் குறைந்தது இசைப் பிரிவில்தான். 2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நரம்பு மரப்பு ஊசிக்கு முன் 157 நோயாளிகளிடம் இதே ஒப்பீட்டைச் செய்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பதற்றத்தைக் குறைத்தன. ஆயினும் அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களே அதிக நிறைவு தெரிவித்தார்கள். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் போட்டிருந்தவர்களோடு பேசுவது கடினமாக இருந்தது என்றும் பதிவாகியிருக்கிறது. அங்கே இசையை ஆய்வாளர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள், நோயாளிகள் அல்லர். நம் அறையில் நாங்கள் கடைப்பிடித்த வழி இதற்கு நேர்மாறானது. என் அனுபவத்தில், எந்தப் பாட்டு என்பதைவிட அதை அவரே கேட்டு வாங்கினாரா என்பதுதான் முக்கியம். தாலியிலிருந்து பல்செட் வரை எல்லாவற்றையும் மற்றவர்கள் சொன்னபடி கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவரிடம், அந்தக் காலைப் பொழுதில் அவர் விருப்பத்தைக் கேட்கும் ஒரே கேள்வி அதுவாக இருந்தது.

சுற்றறிக்கை சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். கைபேசியைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. அரைகுறை ஆடையில் பலர் படுத்திருக்கும் அறைக்குள் கேமரா உள்ள கருவி வரவே கூடாது. நோயாளியின் பொருள் தொலைந்தால் அந்தப் பழி முதலில் விழுவது கடைநிலை ஊழியர்கள் மீதுதான் என்பதால், அவர்கள் நலனுக்காகவும் அது வேண்டாம். ஆனால் கேமரா இல்லாத, மருத்துவமனைக்கே சொந்தமான, பதிவேட்டில் எண் போட்டு வைத்திருந்த கருவிகளுக்கு இந்த இரண்டு காரணங்களும் எப்படிப் பொருந்தும்?

கிருமித்தொற்று பற்றிய அக்கறையை மதிக்கிறேன். அதே அறையில் ஒரே இரத்த அழுத்தப் பட்டை ஒரு நாளில் எத்தனையோ கைகளில் சுற்றப்படுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அப்படியே கைமாறுகிறது. அவற்றை நாம் தடை செய்யவில்லை, ஒவ்வொரு முறையும் துடைத்துப் பயன்படுத்துகிறோம். ஹெட்போனையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஸ்பிரிட் கொண்டு துடைத்து, காது மூடியின் மேல் மாற்றக்கூடிய உறை போட்டுக் கொடுத்தால் போதும். காதுக்குள் செருகும் இயர்போன்களைப் பலருக்கும் பொதுவாகக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பெயர் சொல்லி அழைப்பது கேட்காமல் போகும் என்ற காரணம்தான் நான்கில் கனமானது. ஆள் மாறினால் உயிரே போகும். ஆனால் பெயரைக் கூப்பிட்டு, யார் தலையை ஆட்டுகிறார்களோ அவரை அழைத்துச் செல்வது ஒருபோதும் அடையாளம் காணும் முறை ஆகாது. பதற்றத்தின் உச்சத்தில் இருப்பவர் பக்கத்து டிராலிக்காரரின் பெயருக்கும் “ஆமாங்க” என்று சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பாட்டு எதுவும் காதில் இல்லாதபோதே. உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியின் அடையாளம், அறுவை செய்யும் இடம், என்ன அறுவை, ஒப்புதல் ஆகியவற்றை உறுதிசெய்யச் சொல்கிறது. அந்தப் பட்டியல் தங்கள் அரங்கச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒலியைக் குறைவாக வைத்து, தோளைத் தொட்டு, ஹெட்போனைக் கழற்றிய பிறகே சரிபார்ப்பைத் தொடங்குவது என்று ஒரு வரி சேர்த்தால், இப்போது இருப்பதைவிடப் பாதுகாப்பு கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மன வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அரங்கிற்குள்ளே அறுவை நடக்கும்போது பாட்டு ஒலிக்கிறது. மருத்துவரின் கைபேசியிலிருந்தோ மூலையில் உள்ள ஸ்பீக்கரிலிருந்தோ, அவருக்குப் பிடித்த பாட்டு. நீண்ட நேரம் நின்று கத்தி பிடிக்கிறவருக்கு அது மனத்தை ஒருமுகப்படுத்த உதவுகிறது என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். சுற்றறிக்கையும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய், முழு விழிப்போடு மேசையில் படுத்திருப்பவருக்கும் அதே பாட்டுதான் கேட்கிறது. இடையிடையே மருத்துவர்களின் பேச்சும், எலும்பு அறுவையானால் துளைக்கும் கருவியின் ஓசையும் கேட்கின்றன. மருத்துவருக்கு இசை துணையாக இருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு நிறுவனம், அதைவிடப் பல மடங்கு பயத்தோடு படுத்திருப்பவருக்கு அது தேவையில்லை என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தது என்பதற்கு எனக்கு விளக்கம் வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்து அறுவை மருத்துவர் ஈவன் ஓ’நீல் கேன் அறுவை அரங்கில் கிராமபோன் வைத்த அனுபவத்தை 1914இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். நோயாளியின் கவனத்தைப் பயத்திலிருந்து திருப்புவதே அவர் முதன்மையாகச் சொன்ன பயன்.

இசை எல்லோருக்கும் உதவும் என்று நான் கூறவில்லை. சிலர் மௌனமாக வேண்டிக்கொள்ள விரும்புவார்கள். சிலருக்குச் செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் போதும். அறுவையைப் பற்றி மருத்துவர் நேரில் வந்து விளக்க வேண்டிய கடமைக்கும், தேவைப்படுகிறவர்களுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுப்பதற்கும் இது மாற்று அல்ல. பொது ஸ்பீக்கரில் அறை முழுவதும் ஒரே பாட்டைப் போடுவதையும் நான் கேட்கவில்லை. ஒருவருக்கு ஆறுதலான பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சலாகலாம், துக்கத்தைக்கூட நினைவூட்டலாம்.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறேன். நோயாளிகளின் கைபேசிக்கான தடை அப்படியே இருக்கட்டும். மருத்துவமனைக்குச் சொந்தமான பாட்டுக் கருவிகளைத் திரும்பப் பெறும் பகுதியை இந்த மாத இறுதிக்குள் நீக்கி, பீரோவில் உள்ள கருவிகளைக் காத்திருப்பு அறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடுங்கள். பழுதானவற்றை மாற்றவும் காது உறைகள் வாங்கவும் நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள்.

மயக்க மருந்தை உடல் தாங்குமா என்று சோதிக்கும் அனஸ்தீசியா ஃபிட்னஸ் பார்க்கும் நாளிலேயே, அறுவையை நினைத்துப் பயமாக இருக்கிறதா, காத்திருக்கும்போது ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கருவியைத் துடைப்பது, ஒலி அளவு, அடையாளச் சரிபார்ப்புக்கு முன் கழற்றுவது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் நடைமுறையாக எழுதி, ஒவ்வொரு பணிநேரத்துக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். காது கேட்கும் கருவி அணிகிறவர்கள் அதை அரங்க வாசல் வரையல்ல, மயக்கம் கொடுக்கும் வரை அணிந்திருக்க அனுமதி தாருங்கள். அது இல்லாமல் அவர்களுக்கு இசை மட்டுமல்ல, நாம் கேட்கும் கேள்விகளும் கேட்பதில்லை.

முதுகில் மயக்க ஊசி போட்டு விழித்திருப்பவர்கள் விரும்பினால், மயக்க மருத்துவரின் ஒப்புதலோடு அறுவையின்போதும் தங்கள் பாட்டைக் கேட்கலாம் என்று அறிவியுங்கள். அரங்கிற்குள் மற்றவர்களுக்காகப் பாட்டுப் போடும் முன், விழித்திருக்கும் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதைக் கட்டாயமாக்குங்கள்.

மூன்று மாதங்களுக்கு இதைச் செயல்படுத்தி, ஆறே கேள்விகள் கொண்ட ஆம்ஸ்டர்டாம் பதற்ற அளவுகோலைக் கொண்டு பலனை அளந்து பாருங்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு அது நல்ல ஆய்வாகவும் அமையும். பதற்றத்தால் அழுத்தம் ஏறித் தள்ளிவைக்கப்பட்ட அறுவைகளையும் தனியாகக் குறித்து வையுங்கள். முடிவு எதுவானாலும், சுற்றறிக்கை ஒட்டிய அதே இடத்தில் அதையும் ஒட்டுங்கள். நான் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை என்றால் அதை ஏற்றுக்கொள்வேன்.

ஊழியர் பற்றாக்குறையால் இதைக் கவனிக்க ஆளில்லை என்றால், காலைப் பட்டியல் நேரத்தில் ஊதியமின்றி வந்து கருவிகளைப் பராமரிக்கவும், புதிய செவிலியர்களுக்குக் கற்றுத் தரவும் நானும், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற இன்னும் சிலரும் தயாராக இருக்கிறோம். இந்த மடலுக்குத் தங்கள் பதிலை எழுத்து வடிவில், மாத இறுதிக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர்